கப்பித்தானின் கோட்டையும் என் சாப்பாட்டு மேசையும்

இரண்டு நாளா? உன் மனுசன் ரேடியோவைக் கழற்றி மேசையில் பரப்பி இரண்டே இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாயே பரிமளம்! இப்படி உட்கார். என் சாப்பாட்டு மேசையில் மூன்று மாதம் யுத்தம் நடந்தது, அது தெரியுமா உனக்கு? சண்டை இல்லையடி, யுத்தம். குதிரை, பீரங்கி, கப்பல், கோட்டை எல்லாம் வைத்து. மூன்று மாதமும் நாங்கள் பாயில் இருந்துதான் சாப்பிட்டோம். நீ என்னவென்றால் நாலு வயரைப் பார்த்துவிட்டு அழுகிறாய்.

இந்த மட்டக்களப்பில் நான் பார்க்காத விசர், பைத்தியம் இல்லை. சாமி வந்து ஆடுகிறவரைப் பார்த்திருக்கிறேன், சாமியே தான்தான் என்றவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் செத்து மண்ணாகிப்போன வெள்ளைக்காரர்களுக்காகச் சனிக்கிழமை தவறாமல் யுத்தம் செய்த மனுசன் உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் கப்பித்தான்.

கப்டன் என்று ஊர் வைத்த பட்டம்தான் அது, உண்மையில் அவர் கப்பலும் ஓட்டவில்லை, பட்டாளத்திலும் இருக்கவில்லை. துவக்கு, துப்பாக்கி திருத்துவதுதான் தொழில். வயல் வட்டையில் நெல் விளைந்த காலத்தில் யானையையும் பன்றியையும் வெருட்ட ஆட்கள் துவக்கு வைத்திருப்பார்களே, அதெல்லாம் பழுதானால் அவரிடம்தான் வரும். பறங்கி ஆள். மீசை இரண்டு பக்கமும் இறால் மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். காக்கிக் காற்சட்டை, கை இல்லாத பெனியன், தலையில் எப்போதும் ஒரு தொப்பி. நாள் முழுக்கத் துவக்கோடு இருக்கிற மனுசன், கோழி அறுக்கிறதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் அவர் சாப்பிட வருகிற நாளில் கோழியை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த்தான் அறுப்போம்.

அவருடைய பாட்டன் பூட்டன் எல்லாரும் போர்த்துக்கீசர் காலத்தில் வந்த வழியாம். இந்த ஊர்க் கோட்டையை முதலில் கட்டியது அவர்கள்தானாம். பிறகு ஒல்லாந்தன் வந்து அடித்துப் பிடித்துவிட்டான். இது நடந்து எத்தனை தலைமுறை! ஆனால் கப்பித்தானுக்கு அது போன வெள்ளிக்கிழமை நடந்த மாதிரி. "எப்பிடிப் பிடிச்சவன்? எப்பிடிப் பிடிச்சவன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். யாரோ அவருடைய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனது போல.

அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த விளையாட்டு. ஈயத்தில் சிப்பாய் வார்ப்பார். கடற்கரையில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்குமே, அதைப் பொறுக்கிவந்து இரண்டாக வெட்டி, உள்ளே கத்தி முனையால் சிப்பாயின் உருவத்தைக் குடைந்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவார். ஆறினதும் பிரித்தால் என் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு சிப்பாய். தொப்பி, துவக்கு, சப்பாத்து, மீசைகூட இருக்கும். பொய் சொல்லக்கூடாது, வடிவான வேலை. அதற்குத் தோணிக்குப் பூசி மிஞ்சின பெயின்ற்றைப் பூசுவார். போர்த்துக்கீசனுக்குச் சிவப்பு, ஒல்லாந்தனுக்கு மஞ்சள்.

இவ்வளவு சின்ன முகத்துக்குப் பெயின்ற் பூசுகிற தூரிகை எங்கே வாங்கினார் என்று நீ கேட்கவேண்டும். கேள். எங்கள் வீட்டுப் பூனையின் வால் நுனி எலி வால் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. நான் ஏதோ சொறி என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பார்த்தால், கப்பித்தான் பூனையை மடியில் வைத்துத் தடவித் தடவி, கத்தரிக்கோலால்...

"என்னண்ணே இது அநியாயம்!"

"கொஞ்சம்தான் தங்கச்சி. கண்ணுக்குக் கறுப்பு வைக்க இத விடத் திறமான மயிர் இந்த மாகாணத்தில இல்ல."

பூனைக்கு அது பெருமையாகவே இருந்தது போல. அவரைக் கண்டால் அதுவே ஓடிப்போய் வாலை நீட்டும்.

முதலில் யுத்தம் அவருடைய பட்டறையில்தான் நடந்தது. அவருடைய அக்கா ஒரு நாள் விளக்குமாற்றால் இரண்டு பட்டாளத்தையும் ஒன்றாகக் கூட்டித் தள்ளிவிட்டாள். அதன் பிறகு இடம் தேடினார். என் மனுசனைத் தேடிப் பிடித்தார். என் மனுசன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். கச்சேரி இருப்பதே அந்தக் கோட்டைக்குள்தானே. திங்கள் முதல் வெள்ளி வரை கோட்டைக்குள் இருந்து கடதாசி எழுதுவார், சனிக்கிழமை வந்தால் ஒல்லாந்தனாகி அதே கோட்டையைப் பீரங்கியால் அடிப்பார். "மனசுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமாகா," என்பார். அவருடைய பெரிய கிளாக்கரைத் தெரிந்தவர்களுக்கு அது விளங்கும்.

இடம் எது? என் மேசை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே, மாப்பிள்ளை அதற்குள் வந்து இருக்கிறவர்தானே. வீடு என்னுடைய சீதனம், மேசையும் என்னுடைய சீதனம். முதிரை மரத்தில் அப்பா சொல்லிச் செய்வித்தது, பன்னிரண்டு பேர் சுற்றி இருந்து சாப்பிடலாம். அதை ஒரு சனிக்கிழமை நான் பெரியம்மா வீட்டுக்குப் போய்வருவதற்குள் ஊராக்கிவிட்டார்கள். தேங்காய்த் தும்பில் மரங்கள். மணல் கொட்டிக் கரை. நடுவில் செங்கல் தூளும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டின கோட்டை, நாலு மூலையிலும் கொத்தளம், மேலே பீரங்கி. கோட்டையைச் சுற்றி வாவி நீலமாக ஓடுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், வாவி என் கல்யாணத்துக்கு மாமி தந்த நீலச் சேலை!

"உங்களுக்கு வேற துணி கிடைக்கல்லையா?"

"வேறதெல்லாம் கடல் நிறம்," என்றார் என் மனுசன். "இதுதான் சரியான ஆத்து நிறம்."

அந்தப் பீரங்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். துவக்குக்குள் இருக்கிற சுருள் கம்பியை வைத்துச் செய்தது. இழுத்துவிட்டால் குண்டு பாயும். குண்டு எது? என் குசினி மிளகு. ஒரு நாள் என் மனுசன் கோட்டை வாசலுக்குக் குறி வைத்தார். மிளகு வாசலையும் தாண்டி, கதவையும் தாண்டி, விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மாவின் உரலுக்குள் விழுந்தது. அம்மாவுக்குத் தெரியாது. இடித்து வாயில் போட்டுவிட்டு, "இதென்ன புள்ள, வெத்தில உறைக்குது? ஏறாவூர் வெத்திலையா?" என்று கேட்டா. பிறகு கப்பித்தான் மெதுவாகக் கொப்பியில் எழுதினார், அந்தக் குண்டு தவறியது என்று.

அந்தக் கொப்பிதான் அவர்களுக்கு வேதம். எல்லாச் சட்டமும் அதில் இருந்தது. காலாள் ஒரு முறைக்கு ஒரு ஈர்க்கு நீளம் நடப்பான். குதிரை இரண்டு ஈர்க்கு. கப்பல் காற்றைப் பொறுத்தது, தாயத்துக்கு உருட்டுகிற மாதிரிச் சோகி உருட்டித்தான் காற்றைப் பார்ப்பார்கள். யுத்தம் நடப்பது கோடையில், ஆகையால் மூன்று முறைக்கு ஒரு தரம் எல்லாச் சிப்பாயும் தண்ணீர் குடிக்கவேண்டும். குடிக்காதவன் படுத்துவிடுவான். எனக்கு எழுத்து ஒன்றும் தெரியாது, அது உனக்குத் தெரியும். ஆனால் மூன்று மாதம் குசினிக்குள் இருந்து அவர்கள் சத்தம் போட்டதைக் கேட்டு அந்தக் கொப்பி முழுக்க எனக்கு மனப்பாடம். "தண்ணி குடிக்கல்ல! தண்ணி குடிக்கல்ல!" என்று கப்பித்தான் கத்தும்போது, நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டே, "போன முறை குடிச்சவங்க அண்ணே," என்று சொல்வேன். சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் பாவம், எத்தனை தரம் விளையாடினாலும் கோட்டை விழும். மூன்று கப்பலும் வாவிக்குள் வந்து பக்கத்தில் நின்று அடித்தால் எந்தக் கோட்டைதான் நிற்கும்? கோட்டை விழுந்த அன்று கப்பித்தான் சோறு தின்னமாட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பார். நானும், போய்த் தொலையட்டும் என்று பார்த்தால், அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சிப்பாயை அடுக்குவார்.

இப்படி இருக்கும்போதுதான் என் தங்கச்சிக்குக் குருக்கள்மடம் ஊரில் ஒரு மாப்பிள்ளை இடம் பொருந்தி வந்தது. அவளுக்கு அதற்கு முன் இரண்டு இடம் வந்து கைநழுவிவிட்டது. ஒரு இடத்தில் சாதகம், இன்னொரு இடத்தில் காரணமே சொல்லவில்லை. பிள்ளை வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். ஆனால் இந்த மாப்பிள்ளையைத் திருவிழாவில் தூரத்தில் பார்த்திருக்கிறாள். ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னதும், நான் சொல்லாமலே சேலைக்கு மடிப்பு எடுத்து வைத்தாள். அதைக் கண்டதும் இதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள் என்று தெரிந்தது.

அவளுக்கென்று பக்கத்தில் எழும்பின வீட்டுக்குக் கூரை மட்டும்தான் போட்டிருந்தது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். சனிக்கிழமை காலையில் போய் இரண்டு பேருக்கும் முன்னால் நின்றேன்.

"நாளைக்கு மாப்பிள்ளை ஆக்கள் வாறாங்க. மேசை வேணும்."

கப்பித்தான் நிமிரவே இல்லை. "முற்றுகை நடக்குது தங்கச்சி. முற்றுகைக்க மேசைய எடுக்கேலாது."

"அப்ப வந்த ஆக்களப் பாயில இருத்தட்டா?"

"பாயில இருந்து சாப்பிட்டா நல்லாச் செமிக்குங்கா," என்றார் என் மனுசன். அந்த மனுசனை நான் அன்று என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"உது எப்ப முடியும்?"

கப்பித்தான் கொப்பியைப் புரட்டினார். "கோட்டை விழுந்தா முடியும். இல்லாட்டி மாரி மழை வந்தா முடியும். மழைக்கு இன்னும் நாலஞ்சு சனிக்கிழமை கிடக்கு."

நான் மேசையைச் சுற்றி வந்தேன். எங்காவது ஒரு வழி இருக்காதா என்று பார்த்தேன். என் சேலைக்கு மேல் மூன்று கப்பலும் நின்றன.

"உந்தக் கப்பல் எங்கால வந்த?"

"முகத்துவாரத்தால," என்றார் என் மனுசன், பெரிய கப்பலோட்டி மாதிரி.

"கோடையிலயா?"

"ஓம், கோடையிலதான். தண்ணிச் சட்டம் இரிக்கல்லோ."

"கோடையில முகத்துவாரம் மண் மூடிக் கிடக்குமே. மாரி வெள்ளத்துக்குத்தானே வெட்டி விடுற. கோடையில மண்ணுக்கு மேலால கப்பலச் சுமந்து கொண்டா வந்தவங்க?"

பரிமளம், அவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் நீ பார்த்திருக்கவேண்டும். என் மனுசன் முகத்துவாரத்தில் கால் நனைத்து வளர்ந்தவர்தான். கப்பித்தான் பிறந்ததே ஆற்றங்கரையில்தான். வருசா வருசம் மண் மூடுவதையும் வெட்டுவதையும் பார்த்தவர்கள். இரண்டு பேருக்கும் கொப்பியில் எழுதும்போது அது ஞாபகத்தில் வரவே இல்லை!

கப்பித்தான் மெதுவாக எழும்பினார். தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப கப்பல் உள்ள வரேலாது."

"வரேலாது," என்றேன்.

"கப்பல் வராட்டி என்ட கோட்டை விழாது."

என் மனுசன், "பீரங்கிய இறக்கி மணலால இழுத்துக்கொண்டு வருவம்!" என்று கத்தினார்.

"இழு! இழு! மூண்டு முறைக்கு ஒரு தரம் தண்ணி குடிச்சுக் குடிச்சு இழு!" கப்பித்தான் மேசையைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினார். பிறகு திடீரென்று நின்று, கையைத் தூக்கி, "நிப்பாட்டு! நடந்ததெல்லாம் பிழை. முதல்ல இருந்து தொடங்கோணும்!" என்றார்.

முதலில் இருந்தா? இன்னும் மூன்று மாதமா? பிறகுதான் மூளையில் பட்டது. "ஓம் அண்ணே, முதல்ல இருந்து தொடங்கிறதெண்டா முதல்ல எல்லாத்தையும் எடுக்கோணுமே," என்றேன். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பட்டாளமும் பிஸ்கற் தகரத்துக்குள் போய்விட்டது. கப்பல் போய்விட்டது. சேலை திரும்பி வந்தது, ஓரத்தில் மஞ்சள் பெயின்ற்றோடு.

கோட்டை மட்டும் வரவில்லை.

எங்கள் பிள்ளைகள் ஓடித் திரியும்போது கோட்டை ஆடக்கூடாது என்று கப்பித்தான் விளாம்பிசினும் சுண்ணாம்பும் சேர்த்து மேசையோடு ஒட்டியிருக்கிறார். வெந்நீர் ஊற்றினோம். எண்ணெய் ஊற்றினோம். என் மனுசன் மேசையில் காலை வைத்து இழுத்து, பின்பக்கமாக விழுந்தார். கப்பித்தான் பக்கத்தில் நின்று, "அசையாது. அசையாமத்தான் கட்டினது," என்றார். கவலையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "உடையுங்க," என்றேன். கோழி அறுக்கச் சொன்ன மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்து, சுற்றிவரப் பீங்கானை அடுக்கினேன். பார்க்க, நடுவில் யாரோ ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தாய்மாமன். எங்கள் பக்கத்தில் பெண்ணைவிட வீட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது தெரிந்ததுதானே. மாமன் சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். எல்லாம் திருப்தி. சாப்பிட வந்து இருந்ததும் தாய்க்காரி நேராகத் துணியைப் பார்த்தா.

"இதென்னகா, மூடி வைச்சிரிக்கு?"

"ஒண்டுமில்ல மாமி, பலகாரம்," என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"பலகாரத்த மூடி வைச்சா ஆர் திங்கிற?" என்று துணியை இழுத்துவிட்டா.

கோட்டை நின்றது. நாலு கொத்தளமும் பீரங்கியோடு. ஒரு பீரங்கி நேரே தாய்க்காரியின் முகத்துக்கு நேராக.

என் மனுசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் விரலை நீட்டி, "இது வாசல். இதுக்குள்ளதான் என்ட கச்சேரிக் கந்தோர்," என்று தொடங்கினார்.

"இதென்ன, விளையாட்டுச் சாமானா? பெரிய ஆக்கள் விளையாடுறதா?"

"சனிக்கிழமையில மட்டும்," என்றார் என் மனுசன்.

தாய்க்காரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினா. "தம்பி, எழும்பு. இந்த வளவுக்க வந்து இருந்தா நீயும் உதுதான் பழகுவாய். ஒரு வேல வெட்டி செய்யமாட்டாய்."

நான் திரும்பிப் பார்த்தேன். குசினிக் கதவோரம் தங்கச்சி சொதிச் சட்டியோடு நின்றாள். அழவில்லை. சட்டியைக் கதவோரத்திலேயே இறக்கிவைத்தாள்.

கப்பித்தான் அவ்வளவு நேரமும் விறாந்தையில்தான் இருந்திருக்கிறார், கோட்டைக்குக் காவலாக. அன்றைக்கென்று கோட்டு வேறு போட்டிருந்தார். அவரும் தங்கச்சியைத்தான் பார்த்தார். பிறகு உள்ளே வந்து தொப்பியைக் கழற்றித் தாய்க்காரிக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்.

"அம்மா, உது இந்த ஊட்டுச் சாமானில்ல. என்ட. நான் வைச்சிட்டு எடுக்க மறந்துபோனன். இவங்க நல்ல ஆக்கள். எனக்குத்தான் கொஞ்சம் விசர்."

சொல்லிவிட்டுக் கோட்டுப் பைக்குள் இருந்து துவக்குத் திருத்துகிற சின்னச் சுத்தியலை எடுத்தார். ஒரு கொத்தளத்தில் ஒரு தட்டு. அடுத்ததில் ஒரு தட்டு. நாலும் விழுந்தது. பிறகு சுவர். பிறகு வாசல். அவசரப்படவில்லை, கோபப்படவில்லை. துண்டெல்லாவற்றையும் தொப்பிக்குள் கூட்டி அள்ளினார். முந்தின நாள்தான் அந்தக் கோட்டை முதல் தரமாக விழாமல் நிற்கும் என்று ஆடின மனுசன்! ஒருவர் முகத்தையும் பார்க்காமல் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வந்ததில் இருந்து வாய் திறக்காத மாப்பிள்ளைதான் முதலில் பேசினான். "அம்மா, இரிங்க. சாப்பிடுவம்," என்றான். பிறகு குசினிப் பக்கம் பார்த்து, "சொதி ஆறப்போகுது," என்றான். அந்தச் சொதி இன்றைக்கு வரை ஆறவில்லை. அவர்களுக்கு நாலு பிள்ளைகள்.

எனக்கு மேசை திரும்பிக் கிடைத்தது. தேய்த்துக் கழுவினேன், ராணி மாதிரி இருந்து சாப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமை கப்பித்தான் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. என் மனுசன் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்து, பெருமூச்சு விட்டு, என் குசினிக்குள் வந்து, உப்புப் போடுவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர வெளிக்கிட்டார். பூனை வாலை நீட்டிக்கொண்டு வாசலில் கிடந்தது. மூன்றாவது சனிக்கிழமை நானே பட்டறைக்குப் போனேன்.

"என்னண்ணே, வேலை கூடவா?"

"இல்ல தங்கச்சி." தலை நிமிரவில்லை. "உங்கட மேசைய ஊத்தையாக்கிப் போட்டன்."

"ஓம், ஆக்கித்தான் போட்டீங்க. சுரண்டிச் சுரண்டி என்ட நகம் போச்சு. அதுக்கு இஞ்ச குந்திக்கொண்டு இரிந்தா ஆச்சா? அந்த மனுசன் என்ட உயிர எடுக்கிறார். எழும்புங்க."

"கோட்டை இல்லையே."

"கட்டுங்க. இந்த முறை பிசின் ஒட்டினா உங்கட மீசைய வெட்டித்தான் பூனைக்கு வால் வைப்பன்."

ஒரு பலகையில் கட்டினார், இரண்டு பேர் தூக்கி வைக்கக்கூடிய மாதிரி. அதன் பிறகு கப்பித்தான் இருந்த வருசமெல்லாம் அந்தக் கோட்டை ஒரு நாளும் விழவில்லை. என் மனுசனும் லேசுப்பட்டவர் இல்லை, மணலால் பீரங்கியை இழுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிடுவார். ஆனால் என்ன செய்வது, கோட்டை விழப்போகிற நேரமெல்லாம் எனக்கு அவசரமாகக் கடையில் ஒரு தேங்காய் வேண்டியிருந்தது. அவர் போய்த் திரும்பி வருவதற்குள் மூன்று முறையும் தவறி, அவருடைய சிப்பாயெல்லாம் தண்ணீர் குடிக்காமல் படுத்திருப்பார்கள்.

சூய்! சூய்! பாரடி, பாயில் காயப்போட்ட நெல்லுக்குள் கோழி இறங்கிவிட்டது. இரு பரிமளம், துரத்திவிட்டு வருகிறேன்...